மூச்சை இழுத்துப் பிடி

ஜி.எச்.சில் ஏழாம் நம்பர் எக்ஸ்ரே அறை.
பதினெட்டு வருஷமாய்
ஈய அங்கியைப் போட்டுக் கழற்றுகிறேன்.
முதலில் தெரிவது எனக்குத்தான்.
சொல்கிற அதிகாரம் எனக்கில்லை.

ஆகஸ்டில் வந்தாள் லோகேஸ்வரி. பதினைந்து வயது,
புளியந்தோப்பு, பள்ளி த்ரோபால் டீம்.
இடது முட்டிக்கு மேலே வீக்கம்,
அதன்மேல் காய்ந்த முட்டை வாசனை:
இரண்டு மாசம் புத்தூர்க் கட்டு.
"வளர்ற புள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும்னாங்க"
தண்ணி லாரி ஓட்டும் எத்திராஜ் சொன்னார்.
"பகல்ல பரவால்லம்மா. ராத்திரிலதான் கத்துது."

ராத்திரி என்றதும்
என் கை ஒரு நொடி நின்றது.

திரையில் விழுந்தது படம்.
தொடையெலும்பு இறங்கி முட்டியைத் தொடுமுன்
தென்னந்துடைப்பத்தைத் தரையில் குத்தியதுபோல்
விரிந்து கிடந்தது வெள்ளை.
எலும்புக்கும் ஒரு தோல் உண்டு; அது
ஈரச் சுவரில் சுண்ணாம்புப் பொருக்காய்
ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது.
புத்தகத்தில் இதற்குச் சூரியக் கதிர் என்று பேர்.
பேர் வைத்தவர்
ஒரு அப்பாவின் கையில் அந்தக் கவரைக்
கொடுத்திருக்க மாட்டார்.

"இன்னாமா, முறிவா?"
"டாக்டர் சொல்வாருங்க."

டாக்டரும் உடனே சொல்லவில்லை.
எது எவ்வளவு நீளம் என்று எம்.ஆர்.ஐ. அளந்தது.
நெஞ்சுக்குப் பறந்ததா என்று சி.டி. தேடியது.
ஊசியால் துணுக்கெடுக்க
பின்னால் அறுக்கப்போகிறவரே வந்து புள்ளி வைத்தார்.
ஊசி போன வழியையும் ஒருநாள்
வெட்டி எடுத்தாக வேண்டும்.
ஒன்பது நாள் கழித்துப் பேர் வந்தது:
ஆஸ்டியோசர்கோமா.
எத்திராஜ் மூன்றாய் உடைத்துப் படித்தார்.

"பந்து பட்டதாலயா? கட்டு போட்டதாலயா?"
எதனாலும் இல்லை என்றார்கள்.
எதனாலும் இல்லை என்பதை
வைத்துக்கொண்டு அவர் யாரைத் திட்டுவார்?

முதலில் மருந்து. கத்தி அப்புறம்.
சிவப்பு ஒன்று; ரோஸ்மில்க் என்றாள்.
நிறமில்லாதது ஒன்று, காதுக்குள் வண்டு விட்டது.
மஞ்சள் ஒன்று. அது ஏறினால் மறுநாள் முதல்
மாற்று மருந்து மணி தவறாமல் போக வேண்டும்.
எத்திராஜ் செல்போனில் நாலு அலாரம்,
நாலுக்கும் ஒரே குத்துப் பாட்டு.
முடி போனபோது சும்மா இருந்தவள்
புருவம் போனபோது அழுதாள்.

டிசம்பர் மழையில் அவர்கள் தெரு மூழ்கியது.
ஆபரேஷனுக்கு அவளை
தண்ணிக்குள் தண்ணி லாரியிலேயே கூட்டிவந்தார்.
வார்டு முழுக்க அந்தக் கதைதான்.

காலை எடுக்கவில்லை.
பதினாலு சென்டிமீட்டர் எலும்பை எடுத்துவிட்டுக்
கீல் வைத்த உலோகம் பொருத்தினார்கள்.
எடுத்ததைச் சீவிச்சீவிப் பார்த்து
லேப் எழுதியது:
தொண்ணூற்று நாலு சதவீதம் செத்துவிட்டது.

செத்துப்போச்சு என்ற வார்த்தைக்கு
ஒரு மனுஷன் கும்பிட்டு நான் பார்த்தது
அன்றைக்குத்தான்.
"மீதி ஆறு?" என்றாள் லோகேஸ்வரி.
அந்த ஆறுக்காக மே வரை
மறுபடி ரோஸ்மில்க், வண்டு, மஞ்சள்.

இப்போது மூன்று மாசத்துக்கு ஒருமுறை வருகிறாள்.
கொஞ்சம் சாய்ந்த நடை.
முட்டிப் படத்தில் உலோகம்
ட்யூப்லைட் மாதிரி பளீரென்று இருக்கும்,
அதைப் பார்க்க எனக்குப் பயமில்லை.
அடுத்தது நெஞ்சுப் படம்.
ஏன் நெஞ்சு என்று அவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை.
தானே போய்த் தாடையைத் தூக்கி
பலகையை அணைத்துக்கொள்கிறாள்.

மூச்சை இழு.
பிடி.

பட்டனை அமுக்கிவிட்டுத்
திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
இடது மேல். இடது கீழ். வலது

"அக்கா," கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
இறுகிய தொண்டையில் ஒரு குரல்,
"விடட்டுமா?"